ஹாமெல்ன் நகரத்துப் பிள்ளைகள்

ஐரோப்பியக் கதைகளுள் நம் பிள்ளைகளும் நன்கறிந்தவை சிலவே. அவற்றுள் ஒன்று, பலவண்ண ஆடை அணிந்த குழலூதுவோன் கதை. எலித்தொல்லையால் நலிந்த ஊருக்கு ஒருவன் வருகிறான். அவன் குழலுக்கு மயங்கிய எலிகள் பின்தொடர்ந்து சென்று ஆற்றில் வீழ்ந்து மடிகின்றன. பேசிய கூலியைத் தர ஊரார் மறுக்கின்றனர். அவன் மறுபடியும் வந்து குழலெடுக்கிறான். இம்முறை அவன் பின்னே போனவர்கள் அவ்வூர்ப் பிள்ளைகள். குழலோசைக்கு ஆனிரையும் மயிலும் மானும் மெய்ம்மறந்து வந்து கூடிய ஆனாயர் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு குழல் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று என்பது முதன்முறை கேட்கையில் அச்சமூட்டுவதே. ஆயினும் சொன்ன சொல் தவறலாகாது என்னும் பாடம் கதையின் இறுதியில் இருப்பதால், அச்சம் தணிந்து அதை நீதிக்கதைகளின் வரிசையில் வைத்துவிடுகிறோம்.

அவ்வூர் கற்பனை ஊரன்று. ஜெர்மனியின் வடபகுதியில், ஹனோவர் நகரிலிருந்து தென்மேற்கே தொடர்வண்டியில் முக்கால் மணி நேரப் பயணத்தில், வேசர் ஆற்றங்கரையில் அமைந்த ஹாமெல்ன் நகரமே அது. ஆங்கிலத்தார் ஹாம்லின் என்பர். இடைக்காலத்தில் இதனைக் குவெர்ன்ஹாமெல்ன் என்றும் வழங்கினர். குவெர்ன் என்றால் மாவரைக்கும் திரிகை. ஆற்று நீரின் விசையால் சுழன்ற ஆலைகள் இவ்வூரின் செல்வமாய் இருந்தன. நகர முத்திரையிலும் ஆலைக்கல்லின் சின்னமே இடம்பெற்றது. தானியம் குவிந்த ஊரில் எலி இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஐயம் எழுவது வேறோர் இடத்தில்.

2023ஆம் ஆண்டுக் கோடையில், ஹனோவரில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தேன். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளையும் தங்கையின் மகனையும் அழைத்துக்கொண்டு ஹாமெல்ன் சென்றேன். அவளுக்கு வயது பன்னிரண்டு, அவனுக்கு ஒன்பது. அவன் அந்நாட்டிலேயே பிறந்து ஜெர்மன் மொழியில் கல்வி கற்பவன்.

வரலாற்றுத் தலங்களைப் பிள்ளைகளோடு சுற்றுவது ஒரு வகையில் தொல்லை. நாம் நிற்க விரும்பும் இடத்தில் அவர்கள் நிற்பதில்லை. ஆஸ்டர் தெருவின் இருமருங்கிலும் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் எழுந்த மாளிகைகள் நிற்கின்றன. செதுக்கிய கல்முகப்புகளும் மரச்சட்டங்களில் வண்ணம் தீட்டிய எழுத்துகளும் உடைய அவ்வீடுகளைக் கட்டடக்கலை அறிஞர் 'வேசர் மறுமலர்ச்சிப் பாணி' எனப் போற்றுவர். என்னுடன் வந்த இருவருக்கும் அவற்றில் நாட்டமில்லை. தரையில் வழிகாட்டும் எலி உருவங்களை எண்ணுவதிலேயே அவர்கள் ஆழ்ந்திருந்தனர். ரொட்டிக் கடையின் கண்ணாடிப் பேழைக்குள் மாவினால் செய்து சுட்ட எலி, பொம்மைக் கடையில் பஞ்செலி, நீரூற்றருகே உலோக எலி. நாற்பதைத் தாண்டியதும் கணக்கில் பூசல் எழுந்தது. ஒரே எலியை அவன் இருமுறை எண்ணினான் என்பது அவள் குற்றச்சாட்டு.

நண்பகலில் திருமண மாளிகையின் முன்றிலில் நாடகம் தொடங்கிற்று. திருமண மாளிகை என்பது 1610 முதல் 1617 வரை நகரத்தார் தம் விழாக்களுக்கெனக் கட்டிய பெருங்கட்டடம். 1956 முதல் கோடைக்கால ஞாயிறுதோறும் உள்ளூர் மக்களே இங்குக் குழலூதுவோன் கதையை இலவசமாக நடித்துக் காட்டுகின்றனர். சாம்பல் நிற ஆடையும் நீண்ட வாலுமாய் எலி வேடமிட்டு ஓடிவருவோர் ஊர்ச் சிறார். பின்னர்ப் பிள்ளைகளாகவும் சிறார் வந்து குழலோனைப் பின்தொடர்கின்றனர். அவையோர் கைதட்டினர், பிள்ளைகள் மகிழ்ந்தனர். தொலைந்த பிள்ளைகளின் வேடத்தில் அவ்வூரின் இன்றைய பிள்ளைகளே நடந்து போவதைக் கண்டபோது, இத்தனை நூற்றாண்டு ஆனபின் துயரமும் ஒரு திருவிழாவாக மாறிவிடுவது இயல்புதானோ என்ற எண்ணம் எழுந்தது. 2014ஆம் ஆண்டில் ஜெர்மனி இம்மரபைத் தன் வாழும் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நாடகம் முடிந்து 'எலிபிடிப்போன் மாளிகை'யை அடைந்தோம். பெயரைக் கண்டு அக்குழலோன் வாழ்ந்த மனை என எண்ணுவாருளர். அவனுக்கும் அம்மனைக்கும் தொடர்பேதும் இல்லை. அது நகரமன்ற உறுப்பினர் ஒருவர் 1602, 1603ஆம் ஆண்டுகளில் எழுப்பிய இல்லம். அதன் பக்கச் சுவரில் பொறித்த எழுத்துகளே அதற்கு அப்பெயரைத் தந்தன. பழைய வடஜெர்மன் மொழியில் அமைந்த அவ்வாசகத்தின் பொருள் இது: 1284ஆம் ஆண்டு, புனித யோவான், பவுல் திருநாளாகிய சூன் 26 அன்று, பல நிற ஆடை உடுத்த குழலோன் ஒருவனால், ஹாமெல்னில் பிறந்த 130 பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்டுக் கொப்பன் குன்றருகே கல்வாரி என்னும் இடத்தில் தொலைந்தனர்.

தங்கை மகன் அண்ணாந்து எழுத்துக்கூட்டிப் படித்தான். பழைய மொழியாதலின் பல சொற்கள் அவனுக்கு விளங்கவில்லை. ஆண்டும் பிள்ளைகள் என்னும் சொல்லும் விளங்கின. மறுபடியும் முதலிலிருந்து படித்தான். பின்னர் என்னை நோக்கி, "மாமா, இதுல எலியே இல்லையே" என்றான்.

காலை முழுதும் எலியை எண்ணிய கண்களுக்கு எலி இல்லாத இடம் உடனே புலப்பட்டுவிட்டது. ஹாமெல்ன் வரலாற்றின் முடிச்சு இருப்பதும் அங்கேதான்.

சான்றுகளைக் கால வரிசையில் நிறுத்திப் பார்ப்போம். நகரின் சந்தைத் தேவாலயத்தில் 1300ஆம் ஆண்டையொட்டி வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று அமைக்கப்பெற்றிருந்தது. குழலோனும் வெண்ணிற ஆடைச் சிறாரும் அதில் இருந்தனர் எனப் பிற்காலத்தார் எழுதிவைத்தனர். 1660இல் அது அழிந்தது. 1592இல் அவுகுஸ்டின் ஃபான் மோர்ஸ்பெர்க் என்னும் பயணி தீட்டிய நீர்வண்ண ஓவியம் அச்சாளரத்தைப் பார்த்து வரைந்தது என்பர். குழலோனின் இன்று கிடைக்கும் மிகப் பழைய ஓவியம் அதுவே. தேவாலயமும் 1945இல் போரின் இறுதி நாட்களில் சிதைந்து, 1950களின் பிற்பகுதியில் மீண்டும் எழுப்பப்பட்டது.

அடுத்தது, பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பெற்ற லூனெபர்க் கையெழுத்துச் சுவடி. வேறொரு நூலின் இறுதியில் யாரோ ஒருவர் இலத்தீன் மொழியில் எழுதிச் சேர்த்த சிறு குறிப்பு அது. முப்பது வயது மதிக்கத்தக்க அழகிய இளைஞன், நேர்த்தியான உடை, கண்டோரெல்லாம் அவன் தோற்றத்தை வியந்தனர். பாலம் கடந்து வேசர் வாயில் வழியாக நகருள் புகுந்தான். விந்தையான வடிவுடைய வெள்ளிக் குழலை ஊதினான். அதைக் கேட்ட 130 பிள்ளைகள் அவன் பின்னே கீழை வாயில் வழியாக, தண்டனைக் களம் இருந்த இடம் வரை சென்று மறைந்தனர். அன்னையர் ஊர் ஊராக ஓடித் தேடினர். எவரும் எதையும் கண்டிலர். சமயத் தலைவர் ஒருவரின் தாய் அப்பிள்ளைகள் போனதைத் தம் கண்ணால் கண்டார் என்னும் செய்தியும் அக்குறிப்பில் உண்டு.

எலி இல்லை, கூலி இல்லை, சொல் தவறிய நகரத் தலைவரும் இல்லை. ஏன் வந்தான், ஏன் அழைத்தான் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. 1556இல் நகரின் புதிய வாயிலில் ஒரு கல்லைப் பதித்தனர். மந்திரவாதி ஒருவன் 130 பிள்ளைகளைக் கொண்டுபோய் 272 ஆண்டுகள் கழிந்தபின் இவ்வாயில் கட்டப்பெற்றது என்பது அக்கல்லின் செய்தி. அதிலும் எலி இல்லை. வாயில் கட்டிய காலத்தைக் குறிக்க ஓர் ஊர் எத்தனையோ வழிகளைக் கொள்ளலாம். இவ்வூர் பிள்ளைகளை இழந்த ஆண்டிலிருந்து எண்ணிற்று. நான் அறிந்த கல்வெட்டுகளுள் இதற்கு இணையானதொரு காலக்கணக்கைக் கண்டதில்லை.

எலி முதன்முதலாக வருவது 1565 வாக்கில், தென்ஜெர்மனியின் ட்சிம்மர்ன் பிரபுக் குடும்பத்தார் எழுதிய குலவரலாற்றில். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 280 ஆண்டு கழித்து, நெடுந்தொலைவிலிருந்து எலிகள் ஹாமெல்னுள் புகுந்தன எனலாம். எலிகளை மந்திரத்தால் ஓட்டியவன் கதைகள் ஐரோப்பாவில் வேறு ஊர்களிலும் வழங்கின. தனியே உலவிய அக்கதையும் ஹாமெல்னின் இழப்பும் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டன. அவ்வாறு பிணைந்ததும், காரணமின்றி நின்ற துயரத்திற்குக் காரணம் கிடைத்தது. கூலி மறுத்தார்கள், ஆகவே பிள்ளைகள் போனார்கள். கணக்கு நேராயிற்று. ஆனால் அந்நேர்மைக்கு விலையாக, பிள்ளைகளை இழந்த ஊரே பிள்ளைகளை இழக்கத் தகுந்த ஊராகவும் ஆகிவிட்டது. வாக்குத் தவறியவர்கள் என்ற பழி அந்நகர முன்னோர் மீது ஏறியது; அதற்கு அக்காலச் சான்று ஒன்றுமில்லை. எனக்கு இது அநீதியாகவே படுகிறது.

இங்கே கவிஞர்களின் பங்கையும் பேசியாக வேண்டும். கிரிம் சகோதரர் 1816இல் வெளியிட்ட 'ஜெர்மானியப் பழமரபுக் கதைகள்' தொகுதியில் ஹாமெல்ன் பிள்ளைகள் இடம்பெற்றனர். எலிகளும் உண்டு, 1284 என்ற ஆண்டும் உண்டு. நகரத்தலைவரின் வளர்ந்த மகளும் போனாள் என்பர். சட்டையுடன் ஓடியவன் மேலங்கியை எடுக்கத் திரும்பியதால் தப்பினான் என்பர். பின்தங்கித் திரும்பிய இருவருள் ஒரு பிள்ளை குருடு, ஒரு பிள்ளை ஊமை. குருட்டுப் பிள்ளையால் நடந்ததைச் சொல்ல இயன்றது, இடத்தைக் காட்ட இயலவில்லை. ஊமைப் பிள்ளை இடத்தைக் காட்டிற்று, அதன் காதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. பல வாய்மொழிகளையும் நூல்களையும் திரட்டித் தந்த அச்சகோதரர்கள் வலிந்து அழகு சேர்க்காமலே இவ்விடம் கவிதையாகிவிட்டது என்பது என் கருத்து.

ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் பிரௌனிங் 1842இல் இதனை நெடும்பாட்டாக்கினார். நடிகர் மெக்ரெடியின் மகன் வில்லி நோயுற்றுக் கிடந்தபோது, படித்துப் படம் வரைந்து பொழுது போக்குவதற்காக அவனுக்கென எழுதியது அது. நோயாளிச் சிறுவனுக்கு எழுதிய பாட்டில் சந்தம் துள்ளுவதும், எலிகள் வரியெங்கும் ஓடுவதும் இயல்பே. நடக்க இயலாமல் பின்தங்கித் தனியே எஞ்சிய கால் ஊனமுற்ற சிறுவனை அவர் பாட்டில் நிறுத்திய இடம் எவர் நெஞ்சையும் தொடும். ஆயினும் நிகழ்ச்சி நாளாக அவர் தருவது 1376ஆம் ஆண்டு சூலை 22. ரிச்சர்டு வெர்ஸ்டீகன் 1605இல் எழுதிய ஆங்கில நூலிலும் அதே நாள் காணப்படுகிறது. ஹாமெல்னின் கல்லும் சுவடியும் ஒருமித்துச் சொல்லும் நாள் வேறு. உலகம் சுற்றிய பாட்டு சொல்லும் நாள் வேறு. பாட்டைப் படித்தோர் எண்ணிக்கையோடு கல்லைப் படித்தோர் எண்ணிக்கையை ஒப்பிடவும் கூடுமோ? வரலாற்றைப் பாடும் கவிஞன் வரலாற்றுக்கு எவ்வளவு கடமைப்பட்டவன் என்பது இலக்கிய வட்டங்களில் ஓயாமல் எழும் வினா. பிரௌனிங்கைக் குறை கூற மனம் வரவில்லை. அவர் ஒரு சிறுவனைச் சிரிக்கவைக்க எழுதினார். ஆனால் ஒரு நல்ல பாட்டு உண்மையை எவ்வளவு எளிதாக மூடிவிடக்கூடும் என்பதைக் கவிஞர்களாகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

அவ்வாறாயின் 1284இல் உண்மையில் நடந்தது யாது? விடைகள் பல. கொள்ளைநோய் என்பார் உளர். ஐரோப்பாவைச் சூறையாடிய பெருங்கொள்ளைநோய் 1347இல்தான் அங்குப் புகுந்தது. எலியின் தெள்ளுப்பூச்சி வழியாக அந்நோய் பரவுவதைச் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் கண்டறியும் வரை எலிக்கும் நோய்க்கும் உள்ள இத்தொடர்பு தெளிவாகவில்லை. எனவே அது பிற்கால அறிவை முற்காலத்தில் ஏற்றுவதாகும். சிறுவர் சிலுவைப் பயணம் என்பார் கூற்றும் நில்லாது, அது 1212. மிண்டன் ஆயரின் படையோடு செடெமுண்டர் என்னுமிடத்தில் ஹாமெல்ன் இளைஞர் பொருது மடிந்ததையே கதை குறிக்கிறது என்பர் சிலர். அப்போர் 1284க்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முற்பட்டது. 1237இல் எர்ஃபுர்ட் நகரச் சிறார் ஆடிக்கொண்டே ஆர்ன்ஸ்டட் வரை சென்றனர் என்ற செய்தியைக் காட்டி, ஆட்டவெறி நோய் என்பாரும் உண்டு.

இன்று அறிஞர் பலர் சார்ந்து நிற்பது குடியேற்றக் கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜெர்மன் பிரபுக்களும் ஆயர்களும் கிழக்கே தமக்குக் கிடைத்த நிலங்களில் குடியமர்த்த ஆள் தேடினர். அதற்கென முகவர்கள் ஊர் ஊராக வந்து, நிலமும் வரிச்சலுகையும் தருவதாகக் கூறி இளையோரைத் திரட்டினர். அத்தகைய முகவன் கண்ணைக் கவரும் உடையும் இசையுமாக வந்திருப்பான் என்பது ஊகம். யூர்கன் உடோல்ஃப் என்னும் மொழியியலாளர் ஹாமெல்ன் சுற்றுப்புறத்து ஊர்ப்பெயர்களைத் தேடிச் சென்று, அவற்றை ஒத்த பெயர்களைப் பெர்லினுக்கு வடக்கேயுள்ள பிரிக்னிட்ஸ், ஊக்கர்மார்க் பகுதிகளிலும் பொமரேனியாவிலும் கண்டார். குடிபெயர்வோர் தம் ஊர்ப்பெயரையும் எடுத்துச் செல்வர் என்பது யாவரும் அறிந்ததே. நகரில் பிறந்த எவரையும் 'நகரத்தின் பிள்ளைகள்' எனக் கூறும் வழக்கு இருந்தமையால், சென்றோர் சிறுவராக இருந்திருக்க வேண்டுவதில்லை. மணப்பருவத்து இளைஞரும் மகளிரும் ஆகலாம் என்பது இக்கொள்கையினர் வாதம்.

வாதம் வலிமையுடையது. ஆயினும் என் மனம் முழுதும் அமைதியுறவில்லை. தம் விருப்பில் நிலம் தேடிச் சென்றவர்களாயின், அன்னையர் ஊர் ஊராக ஓடித் தேடியது ஏன்? ஒருவர்கூட ஒரு செய்தி அனுப்பாமல் போனது ஏன்? கல்வாரி என்றும் தண்டனைக் களம் என்றும் சுவடியும் சுவரும் சொல்லும் அவ்விடத்திற்கு என்ன பொருள்? குடியேற்றக் கொள்கை அவர்கள் எங்குப் போயினர் என்பதற்கு விடை தருகிறது. ஊர் ஏன் இத்தனை காலம் அழுதது என்பதற்கு அதனிடம் விடையில்லை.

அழுததன் அடையாளம் எலிபிடிப்போன் மாளிகையின் பக்கத்திலேயே இருக்கிறது. அதனையொட்டிச் செல்லும் சந்துக்குப் புங்கெலோசன் தெரு என்று பெயர். முரசில்லாத் தெரு என்பது பொருள். பிள்ளைகள் கடைசியாக இவ்வழியே நடந்தனர் என்பதால் இங்கு இசைக்கவோ ஆடவோ கூடாது என்பது வழக்கு. திருமண ஊர்வலமாயினும் இத்தெருவை அடைந்ததும் மேளத்தை நிறுத்தி மௌனமாகக் கடந்து, மறுமுனையில்தான் மீண்டும் வாசிக்கத் தொடங்குமாம். எலி பொம்மைகளும் எலி ரொட்டிகளும் நிறைந்த ஊரில், எலி நுழையாத பழைய நினைவு இந்த ஒரு சந்தில் மட்டும் தங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. செய்தியைக் கூறியதும் நாடகப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்த தங்கை மகன் வாயை மூடிக்கொண்டான். மூவரும் பேசாமல் நடந்தோம். நீண்ட தெருவன்று, சில நிமிடங்களே.

தெரு முடிந்ததும் என் மகள் கேட்டாள்: "அப்பா, அந்த அம்மாங்க எத்தனை நாள் தேடினாங்க?"

சுவடியில் அதற்கு விடையில்லை. அவ்வாறே சொன்னேன்.

ஜெர்மன் மொழியில் 'எலிபிடிப்போன்' என்ற சொல், இனிக்கப் பேசி மக்களை இழுத்துச் செல்லும் அரசியல்வாதியைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. ஹாமெல்னுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பூக்கெபெர்க் என்னும் குன்று உள்ளது. 1933 முதல் 1937 வரை ஆண்டுதோறும் ஹிட்லர் ஆட்சியினர் அங்கு அறுவடைப் பெருவிழா நடத்தினர். நாடெங்கிலுமிருந்து தொடர்வண்டிகளில் இலட்சக்கணக்கானோர் வந்து, குன்றின் நடுவே அமைத்த பாதையில் ஏறிச்சென்ற தலைவனை ஆரவாரித்தனர். குழலோன் கதையோடு இதை இணைத்துப் பேசுவது எளிது; பலர் பேசியுமிருக்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. குன்றில் கூடியோர் வயது வந்தோர். தாமே நடந்து சென்றவர்கள். திரும்பி வீட்டுக்கு வந்தவர்கள். 1284இன் பிள்ளைகளுக்கு இவ்வசதிகள் இருந்தன என்பதற்குச் சான்றில்லை. பிள்ளைகளை அன்று அக்குன்றிற்கு அழைத்துச் செல்லவில்லை. அதற்குரிய வயது வரட்டும் என விட்டுவிட்டேன்.

மாலையில் திருமண மாளிகையின் மேற்குச் சுவரில் உலோகக் கதவுகள் திறந்து, பொறியால் இயங்கும் பதுமைகள் வந்தன. குழலோன் முதலில் எலிகளோடு வந்தான்; பின்னர்ப் பிள்ளைகளோடு வந்தான்; கதவு மூடிக்கொண்டது. காலையில் எலிகளை எண்ணிய இருவரும் இப்போது பிள்ளைப் பதுமைகளை எண்ணினர். 130 இல்லை என்பதில் தங்கை மகனுக்குப் பெருங்குறை.

ஹனோவருக்குத் திரும்பும் வண்டியில் கிரிம் சகோதரர் கூறிய இரு பிள்ளைகளின் செய்தியை அவர்களுக்குச் சொன்னேன். உடனே அது விளையாட்டாயிற்று. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, குழலோன் எப்படி இருந்தான், என்ன வாசித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, சாளரத்துக்கு வெளியே ஓடிய குன்றுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினாள்.